வியர்வை அழித்த பொட்டு

அத்தியாயம் 17

போன வாரம் ரஃபீக்கை அனுப்பம்பட்டு ஸ்டேஷன் வாசலில் அண்ணாந்த வாக்கில் நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். ஏழு நாளாக அப்படியே நிற்கிறான் பாவம், கழுத்து சுளுக்கிக்கொள்ளும். முதலில் அவன் எதைப் பார்த்தான் என்று சொல்லிவிடுகிறேன்.

அவன் பார்த்தது ஒரு விளம்பரப் பலகை. இருபதடி அகலம். சேற்று வயலில் ஒரு பெண் கையில் நாற்றுக்கட்டோடு நிமிர்ந்து நிற்கிறாள். புடவைக்கு மேல் கோடு போட்ட ஆம்பிளைச் சட்டை. பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'அவர் போய்விட்டார். இனி அவளுக்கு யார்?' கீழே ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர்.

அந்தப் பெண் அங்காளம்மாள். திருப்பாலைவனத்தில் நாலு ஏக்கர் நெல் பயிரிடுகிற தருமலிங்கத்தின் மனைவி. 'போய்விட்ட' தருமலிங்கமோ குத்துக்கல் மாதிரி இருக்கிறார். நேற்று மாலைகூட ரஃபீக்குக்குப் போன் பண்ணி, "பாய், காலையில மறக்காம வந்துடு, ஃபிளெக்ஸுக்கு போட்டோ எடுக்கணும்" என்று காது கிழியக் கத்தினார்.

அவர்கள் மகள் பானுப்ரியாவுக்கு இன்னும் ஒன்பது நாளில் கல்யாணம். எளாவூர் மாப்பிள்ளை, பெயர் ரஞ்சித்குமார். கல்யாணத்துக்குப் போட்டோகிராபர் ரஃபீக். பலகையில் இருக்கிற படத்தை ஆறு வருஷத்துக்கு முன்னால் எடுத்ததும் அதே ரஃபீக்தான்.

பழவேற்காட்டில், படகுத்துறைக்குப் போகிற வழியில், மீன் வாடைக்கு நடுவே இருக்கிறது அவன் ஸ்டுடியோ. ஒரு காலத்தில் அவன் படத்துக்கு ஒரு மரியாதை இருந்தது. ஏரிக்குப் பூநாரை வந்துவிட்டால் மெட்ராஸ் பத்திரிகைகளிலிருந்து போன் வரும். காலண்டர்காரர்கள் கேட்பார்கள். ஒரு படத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் கொடுப்பார்கள். கொடுப்பதற்கு முன் பத்துக் கேள்வி கேட்பார்கள். இந்த அம்மா யார்? எந்த ஊர்? இன்ன கட்டுரைக்குப் போடுகிறோம், அவங்களுக்குச் சம்மதமா, கேட்டுச் சொல்லுங்க. அப்போது ரஃபீக்குக்கு அது பெரிய ரோதனையாக இருந்தது.

அப்புறம் இன்டர்நெட்டில் படக்கடைகள் வந்தன. உலகத்துப் படமெல்லாம் ஒரே இடத்தில், கத்தரிக்காய் விலைக்கு. மூவாயிரம் கொடுத்தவர்கள் முந்நூறுக்கு அங்கே போய்விட்டார்கள். ரஃபீக்கின் போன் அடிப்பதை நிறுத்தியது. ஒரு வருஷம் வீம்பாக இருந்தான். அப்புறம், ஊரோடு ஒத்துப் போவோம் என்று தன் படங்களையும் அந்தக் கடையிலேயே கொண்டுபோய்க் கொட்டினான், ஆயிரத்துச் சொச்சம். ஒரு படம் விற்றால் அவன் கணக்கில் இருபதோ முப்பதோ விழும். யார் வாங்கினார், எதற்கு வாங்கினார் என்று எவரும் சொல்வதில்லை. அவனும் கேட்டதில்லை.

ஸ்டுடியோவை மூடி செல்போன் கடைக்கு வாடகைக்கு விடலாம் என்று அண்ணன் ஹாமித் நச்சரித்ததும், "பானு கல்யாணம் முடியட்டும் மச்சான், அப்புறம் பேசலாம்" என்று ரஃபீக்கின் மனைவி நஸ்ரியா நடுவில் விழுந்து தடுத்ததும் உங்களுக்குத் தெரியும். ஆக, அந்தக் கல்யாணத்தை நம்பித்தான் ஸ்டுடியோ.

பலகையின் மூலையில் ஒரு போன் நம்பர் இருந்தது. ரஃபீக் அடித்தான். ஒரு பெண் தேன் சொட்டப் பேசினாள்.

"சார், முறைப்படி லைசென்ஸ் வாங்கிதான் சார் போட்டிருக்கோம். மாடல் கையெழுத்துப் போட்ட ஃபார்ம்கூட இருக்கு."

"அந்தக்கா வூட்டுக்காரர் உயிரோட இருக்காரும்மா!"

"ரொம்ப சந்தோஷம் சார்."

"அதுக்கில்லம்மா. இவங்கள வுட்டுட்டுப் பூட்டார்னு நீங்க போட்டிருக்கீங்களே!"

"கீழ 'சித்தரிப்புக்காக மட்டும்'னு போட்டிருக்கோமே சார்."

ரஃபீக் குனிந்து பார்த்தான். போட்டிருந்தது. எறும்பு வந்து படித்தால் அதற்குத் தெரியும்.

"எடுக்கணும்னா ஹெட் ஆபீஸ்ல கேக்கணும் சார். பதினஞ்சு நாள் ஆகும்."

பதினைந்து நாளில் பானுப்ரியா மறுவீடே போய்விட்டு வந்துவிடுவாள். ரஃபீக் பைக்கை உதைத்தான். வழி முழுக்க ஒரே கேள்விதான் அவனைக் குடைந்தது. கோடிப் படம் இருக்கிற கடையில் எத்தனையோ பெண்கள் நாற்று நடுகிறார்கள். அத்தனை பேரையும் விட்டுவிட்டு விளம்பரக்காரன் இந்த மகராசியை ஏன் எடுத்தான்?

* * *

திருப்பாலைவனத்தில் தெருமுனையிலேயே பானுப்ரியா நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் மஞ்சள் இருந்தது, சிரிப்பு இல்லை.

"வண்டிய நிறுத்துண்ணா. பார்த்துட்டியா?"

"இன்னாத்த?"

"நடிக்காத. உன் மூஞ்சியே சொல்லுது."

ரஃபீக் தலையைக் குனிந்துகொண்டான். "உனுக்கு எப்படித் தெரியும்?"

"அவரு சொன்னாரு." அவர் என்றால் ரஞ்சித்குமார். எளாவூரிலிருந்து அத்திப்பட்டு கம்பெனிக்குத் தினம் ரயிலில் போகிறவன். அனுப்பம்பட்டில் ரயில் நின்றால் பலகை நேர் எதிரே இருக்கும். "வெள்ளிக்கிழமையே பார்த்துட்டாராம். அன்னிலேர்ந்து அவங்க அம்மாவ ரயில்லயே ஏத்தறதில்ல. பத்திரிகை வெக்கப் போறதுக்கெல்லாம் பஸ்லயே கூட்டிகினு சுத்தறாரு. அத்தைக்கு இடுப்பு புட்டுக்கிச்சாம்."

அந்த நிலையிலும் ரஃபீக்குக்கு அந்தப் பையன்மேல் ஒரு பிரியம் வந்தது. நல்ல இடத்தில்தான் விழுந்திருக்கிறாள் பெண்.

"அவருக்கு அதெல்லாம் ஒண்ணியும் இல்லண்ணா. அத்தை பார்த்தாதான் வம்பு. சகுனம், அது இதுன்னு ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சா அதுக்கு மேல. கல்யாணம் முடியற வரைக்கும் நீ வாயத் தொறக்காத. என் மேல சத்தியம் பண்ணு."

பொய் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தால் போதும் என்றால் யாருக்குக் கசக்கும்? ரஃபீக் அவள் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினான். நெஞ்சிலிருந்து பாதி பாரம் இறங்கியது போலிருந்தது. அந்த நிம்மதிக்கு ஆயுசு அரை மணி நேரம்தான்.

தருமலிங்கம் பட்டு வேட்டி கட்டி, மீசைக்கு மை பூசி, காலையிலிருந்தே தயாராக இருந்தார். மை கொஞ்சம் உதட்டிலும் பட்டிருந்தது. அங்காளம்மாள் சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து ரஃபீக் கையில் திணித்தாள்.

"இன்னா தம்பி, மூஞ்சி வாடிக் கீது? நாஸ்தா துன்னியா இல்லியா? நஸ்ரியா நல்லா கீதா? குட்டி இஸ்கூல் போவுதா?"

"எல்லாம் நல்லா இருக்காங்கக்கா."

மணப்பெண்ணை எடுத்தான். தருமலிங்கத்தை எடுத்தான். அவர் கேமராவைப் பார்த்தால் போலீஸைப் பார்த்த மாதிரி விறைத்துக்கொள்வார், நாலு தரம் எடுக்க வேண்டியிருந்தது. "அடுத்து நீங்கக்கா" என்றான்.

"எனுக்கு எதுக்குப் புதுசா? அந்தப் படத்தையே போட்டுடு."

"எந்தப் படம்?"

"அதான், நாத்து நட சொல்லோ எடுத்தியே. ஃபாரினுக்கெல்லாம் போவும்னு சொல்லி என்கிட்ட கையெழுத்து வாங்கினியே, அது. சம்பந்திகிட்டகூட சொல்லி வெச்சிருக்கேன், எங்க படம் ஃபாரின்ல கீதுன்னு. அதையே பெருசா போட்டா ஒரு கெத்துதானே?"

ரஃபீக் பாதி குடித்துவைத்த மோர்ச் சொம்பை மறுபடி கையில் எடுத்துக்கொண்டான். அதே படத்தைக் கல்யாண ஃபிளெக்ஸில் போட்டால் ஊருக்கே விளம்பரம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஸ்டேஷனில் புருஷனை இழந்தவள், மண்டபத்து வாசலில் மணமகளின் தாயார். பானுப்ரியா அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

"அந்தப் படம் எங்க இருக்குதோ தெரிலக்கா. கம்ப்யூட்டர் மாத்திட்டேன்."

"உங்கிட்ட இல்லாகாட்டி இன்னா? என்கிட்ட கீது."

பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்தாள் அங்காளம்மாள். அன்றைக்கு அவன் பிரின்ட் போட்டுக் கொடுத்த படம். அதே வயல், அதே கோடு போட்ட சட்டை. ஆனால் நெற்றியில் வட்டமாக ஒரு சிவப்பு. ரஃபீக் விரலால் தடவிப் பார்த்தான். ஸ்டிக்கர் பொட்டு.

"வேர்வையில குங்குமம் கரைஞ்சி பூட்ச்சி போல. மூளியா கீதேன்னு நானே ஒண்ணு ஒட்டிட்டேன்" என்று சிரித்தாள் அவள்.

காலையிலிருந்து குடைந்த கேள்விக்குப் பதில் அந்தப் பொட்டில் இருந்தது. தாலி சட்டைக்குள் இருந்தது. நெற்றி வெறுமையாக இருந்தது. எங்கோ ஓர் ஆபீஸில் உட்கார்ந்து தேடினவனுக்கு அது போதும். ஆறு வருஷத்தில் அந்தப் படத்தை எத்தனை தரம் பார்த்திருப்பான் ரஃபீக்! வெளிச்சம் பார்த்தான், சேற்றில் விழுந்த நிழல் பார்த்தான், நெற்றியைப் பார்க்கவில்லை. அவன் அம்மா பொட்டு வைத்ததில்லை, நஸ்ரியாவும் வைத்ததில்லை. இல்லாததை இல்லை என்று அவன் கண் சொல்லவே இல்லை.

சத்தியம் பண்ணியிருந்தான்தான். ஆனால் அந்த ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மாளிடம் பொய் சொல்ல அவனால் முடியவில்லை.

"அக்கா, உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

பானுப்ரியா கண்ணாலேயே அவனைப் பொசுக்கினாள். அவன் சொன்னான். பலகை, எழுத்து, இன்சூரன்ஸ், பதினைந்து நாள், ஒன்றையும் மறைக்கவில்லை. போனில் எடுத்து வைத்திருந்த படத்தையும் காட்டினான்.

முதலில் வெடித்தது தருமலிங்கம்.

"அப்போ நான் செத்துட்டேனா?"

"அப்படியில்லண்ணே..."

"பின்ன எப்படி? டேய், அது என் சட்டைடா! பொன்னேரியில முந்நூறு ரூபா குடுத்து வாங்கினது. செத்தவன் சட்டையப் போட்டுகினு நாத்து நடறாளா இவ? நான் உசுரோட குந்திகினு கீறேன், என் சட்டைய வெச்சே என்னைக் கொன்னுட்டானுங்களே!"

"நைனா, கொஞ்சம் சும்மா இரேன்" என்றாள் பானுப்ரியா. அவள் பார்வை அம்மாமேல் இருந்தது.

அங்காளம்மாள் போனைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால் ரஃபீக்குக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் போட்ட கையெழுத்தாலதான் இது ஆச்சா?"

"ஆமாக்கா. எதுக்கு வேணா போட்டுக்கலாம்னு அதுல இருந்துச்சி. நான் படிச்சிக் காட்டல."

"உனுக்கு எவ்ளோ குடுத்தான்?"

"இருபத்திரெண்டு ரூபா."

"இருபத்திரெண்டு ரூபாய்க்கா தம்பி என் தாலிய அறுத்தே?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். ரஃபீக்குக்குக் கண்ணில் நீர் முட்டியது. முப்பத்தொன்பது வயசு ஆம்பிளை, ஒரு கல்யாண வீட்டில், மோர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். அவமானமாகத்தான் இருந்தது. அதைவிட, அவளுக்குச் செய்ததுதான் அதிகமாக வலித்தது.

"நெத்தி காலியா கீதுன்னு அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வரப்புல ஏறி வெச்சிகினு வந்திருப்பேனே."

"எனுக்குத் தெரியலக்கா. எங்க வூட்ல யாரும் வெக்கறதில்ல. அல்லா மேல ஆணையா, நான் கவனிக்கவே இல்ல."

அங்காளம்மாள் எழுந்து உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. தருமலிங்கம் மீசையைத் தடவினார், மை விரலில் வந்தது, அதை வேட்டியில் துடைத்தார். பட்டு வேட்டி. "பாய், நீ அழுவாத. அவ வருவா" என்றார் அவர். ஒரு நிமிஷம் கழித்து, தனக்கே சந்தேகம் வந்தவர்போல, "வருவால்ல?" என்று மகளைக் கேட்டார்.

வந்தாள். மாம்பழ நிறத்துப் பட்டுப்புடவை. நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். தாலிச் சரடை வெளியே எடுத்து மார்மேல் போட்டிருந்தாள்.

"ஏய்யா, இப்படி வா. பக்கத்துல நில்லு" என்றாள் புருஷனை. "தம்பி, கண்ணத் தொடச்சிக்கோ. எடு."

"ஃபிளெக்ஸுக்காக்கா?"

"ஃபிளெக்ஸுக்குத்தான். மண்டபத்துக்கு ஒண்ணு. இன்னொண்ணு அனுப்பம்பட்டு ஸ்டேஷனுக்கு. அந்தப் பலகைக்கு எதிர்ல நம்ம தனசேகர் டீக்கடை மாடி கீதில்ல? அங்க கட்டு. அவன் இருபதடி வெச்சான்னா நீ இருபத்தஞ்சு வெய்யி. 'அவளுக்கு யார்'னு கேட்டான் இல்ல? யாருன்னு எதிர்லயே நிக்கட்டும்."

"அம்மா!" என்று பானுப்ரியா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "அத்தை ரயில்ல வந்தா ரெண்டையும் பார்ப்பாங்களே."

"பாக்கட்டுமே. ரெண்டையும் பார்த்தா சிரிப்புதான் வரும். ஒண்ண மட்டும் பார்த்தாதான் ஆபத்து. அந்தப் புள்ளைக்குப் போன் போடு, அவங்கம்மாவ இனிமே ரயில்லயே கூட்டிகினு போவச் சொல்லு. பாவம், இடுப்பு போவுது."

ரஃபீக் கேமராவை எடுத்தான். தருமலிங்கம் வழக்கம்போல விறைத்தார். பிறகு, இருபத்தாறு வருஷத்தில் நாலு பேர் பார்க்க ஒருநாளும் செய்யாத காரியத்தைச் செய்தார். மனைவியின் தோளில் கையைப் போட்டார். அங்காளம்மாளுக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"பொட்டு தெரியுதா? பார்த்துச் சொல்லு."

"தெரியுதுக்கா."

"நெசமா பார்த்தியா?"

"பார்த்தேன்க்கா" என்றான் ரஃபீக். பார்த்துத்தான் சொன்னான்.

கிளம்பும்போது ஒரு பை பச்சரிசியை அவன் பைக்கில் மாட்டிவிட்டாள் அங்காளம்மாள். அவள் கோபத்தில்கூட வெறுங்கையோடு அனுப்பத் தெரியாதவள். ஆனால் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"என்னுது ஒண்ணு தெரிஞ்சி பூட்ச்சி. இன்னும் யாரு யாரு மூஞ்சியெல்லாம் அந்தக் கடையில தொங்குது?"

* * *

அந்தக் கேள்வியோடுதான் ரஃபீக் வீடு வந்து சேர்ந்தான். சாயங்கால அஸர் தொழுகை முடிந்து ஏரிக் காற்று ஆரம்பித்திருந்தது. நஸ்ரியா டீ போட்டுக்கொண்டே முழுக் கதையையும் கேட்டாள். தருமலிங்கத்தின் சட்டை வந்த இடத்தில் சிரித்தாள், ஸ்டிக்கர் பொட்டு வந்த இடத்தில் டீயை அடுப்பிலேயே மறந்துவிட்டாள்.

"லேப்டாப்ப எடுங்க. மூஞ்சி தெரியற படமெல்லாம் எடுத்துடலாம்."

"எடுத்தா இனிமே விக்காது. வித்தது வித்ததுதான் நஸ்ரியா."

"இனிமேலாவது விக்காம இருக்கட்டும்."

ஒவ்வொரு படமாக வந்தது. நஸ்ரியா எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மீன் கூடையோடு ஆரோக்கியமேரி. வலை சரிபார்க்கிற ஜான்சன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே கீவேர்டு, அதாவது வாங்குகிறவன் தேடுவதற்கான வார்த்தைகள், ஐம்பது. கடையே எடுத்துக் கொடுக்கும், இவன் எல்லாவற்றுக்கும் சரி என்று தட்டியிருந்தான்.

"ஆரோக்கியமேரி அக்காவுக்கு 'பசி'ன்னு போட்டிருக்கீங்க. அவங்க நமக்கே சோறு போடுவாங்க! ஜான்சன் அண்ணனுக்கு 'கடன்', 'குடி'. அந்தாளு பீடிகூடத் தொட மாட்டாரு!"

"ஐம்பது இருந்தாத்தான் மேல வரும்னாங்க. நான் படிக்கலம்மா."

"நீங்க எதைத்தான் படிச்சீங்க?" என்று அவன் தோளில் செல்லமாக இடித்தாள். அடுத்த படத்துக்கு அவன் விரல் ஏனோ அவசரமாக நகர்ந்தது. நஸ்ரியா அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"பின்னால போங்க."

போனான். படகுத்துறை. நீல முக்காடு போட்ட ஒரு பெண் ஏரியைப் பார்த்து நிற்கிறாள். பாதி முகம் தெரிகிறது. ஒரு கை வயிற்றின்மேல் இருக்கிறது. வயிற்றில் மகள் ஷிஃபா ஏழு மாசம்.

நஸ்ரியா தன் படத்தை வெளியாருக்குக் காட்ட விடமாட்டாள். கல்யாணமான புதிதில் அவள் கேட்டுக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். அவனும் சரியென்றிருந்தான்.

கூடவே வைத்திருந்த சம்மத ஃபார்மை அவளே திறந்தாள். பெயர் நஸ்ரியா. அடியில் கையெழுத்து.

"இது என் கையெழுத்து இல்லியே."

"படத்தக் கடையில ஏத்தறப்போ நீ பிரசவத்துக்கு உங்கம்மா வூட்டுக்குப் போயிருந்தே" என்றான் ரஃபீக். "நாந்தான் போட்டேன்."

அங்காளம்மாளாவது தன் கையால் போட்டாள். இவளுக்கு அதுகூட வாய்க்கவில்லை. நஸ்ரியா கீவேர்டு வார்த்தைகளில் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனாள். 'தனிமை'யில் ஒருதரம் நின்றாள். 'கைவிடப்பட்டவள்' வந்ததும் விரலை எடுத்துக்கொண்டாள்.

"எத்தினி தடவை வித்துது?"

"ஏழு."

"அப்போ ஏழு பேருக்கு நான் யாரு?"

நஸ்ரியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நாற்காலியை அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"தேடுங்க" என்றாள். "என்னை எங்கெங்க போட்டிருக்காங்கன்னு ஏழு இடத்தையும் பார்க்காம நான் எழுந்திரிக்க மாட்டேன்."